பதில்: ‘தொல்வா’வா, ‘தால்வா’வா?

ஐஸ்லாந்து மொழியில் கணினிக்குப் பாடநூல் ‘தொல்வா’ என்கிறது, உடன் வேலை செய்பவர் ‘தால்வா’ என்கிறார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். பாடநூலையே நம்புங்கள்.

எண்ணைக் குறிக்கும் ‘தாலா’வையும், பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) கதைகளில் வருவதுரைக்கும் பெண்ணான ‘வொல்வா’வையும் இணைத்து, 1965 வாக்கில் அறிஞர் சிகுர்துர் நோர்தால் உருவாக்கிய சொல் இது. எண்களை வைத்துக் குறி சொல்பவள்! இவ்வளவு அழகான கலைச்சொல்லை நான் வேறெங்கும் கண்டதில்லை.

‘வொல்வா’வின் அச்சில் வார்த்ததால் எந்த வேற்றுமையிலும் ‘தொ’ மாறாது. ஆனால் ‘தாலா’ வேற்றுமை ஏற்றால் ‘தொலு’ ஆகும். அந்தப் பழக்கத்தில்தான் பலர், ‘தொல்வா’ வேற்றுமை ஏற்கும்போது வரும் ‘தொல்வு’ என்பதற்கு எழுவாய் வடிவம் ‘தால்வா’வாகத்தான் இருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ‘தால்வா’ பேச்சில் அடிக்கடி காதில் விழும். தேர்வில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.