பயணத்தின் நடுவே ஒரு நாள் ஆற்றில் தூண்டில் போட: கைடிடம் என்ன கேட்பது?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் காலியாக இருக்கிறது. எங்களுக்கென்று தனியாக ஒரு கைடை அமர்த்திக்கொண்டு ஆற்றில் மீன் பிடிக்கலாம் என்று ஆசை. நானும் என் 11 வயது மகளும் தூண்டிலைத் தொட்டதே இல்லை. குழுவோடு போவதைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்குத் தகுமா? எதைப் பார்த்து முன்பதிவு செய்வது, என்ன கொண்டுபோவது?

பதில்: தகும். ஆனால் திட்டத்தில் இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். மீன்பிடிக்கும் நாளைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள். முழு நாள் வேண்டாம், அரை நாள் எடுங்கள்.

கடைசி நாள் ஏன் கூடாது என்றால், உங்கள் விமான டிக்கெட் ஆற்றுக்குத் தெரியாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் பளிச்சென்று இருக்கும். முந்தைய இரவு மலைப்பக்கம் கொட்டிய மழை காலையில் செம்மண் கரைசலாக இறங்கி வந்துகொண்டிருக்கும். மேலே நீர்மின் அணை இருந்தால் வானத்தைப் பார்த்தே பயனில்லை. அங்கே தண்ணீரைத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் முழங்கால் அளவு இடுப்பளவாகிவிடும். கலங்கல் தண்ணீரில், கண்ணால் பார்த்து இரையெடுக்கும் மீனுக்கு நீங்கள் போட்டது தெரியவே தெரியாது. நல்ல கைடு அப்படிப்பட்ட காலையில் போன் செய்து, “இன்றைக்கு வேண்டாம், நாளை மறுநாள் போகலாம்” என்பார். அந்த நாளை மறுநாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இதை நான் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை கடைசி நாளில் முன்பதிவு செய்திருந்தேன். இரவு மழையில் ஆறு ஏறிவிட்டது. கட்டிய அட்வான்ஸ் திரும்பி வராது, எனக்கு வேறு நாளும் இல்லை, கைடுக்கும் பணத்தை விட மனமில்லை. கரையை ஒட்டி ஒரே ஒரு தேங்கல் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்தபடி ஆறு மணி நேரம் நின்றோம். ஒரு கடிகூட இல்லை. அன்றிரவு ஈர பூட்ஸை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். பெட்டியைத் திறந்தபோது வந்த வாடை இன்னும் மறக்கவில்லை.

அரை நாளுக்குக் காரணம் உங்கள் மகள். முதல் ஒரு மணி நேரம் புதுமை. அடுத்த இரண்டு மணி நேரம் கற்றுக்கொள்ளும் சுகம். அதற்குப் பிறகு பெரியவர்களுக்கே தோள் வலிக்கும், குழந்தை தண்ணீரில் கல் எறிய ஆரம்பித்துவிடும். கல் எறியட்டும், தவறில்லை. ஆனால் அந்த இடத்தில் மீன் நிற்காது. தங்குமிடத்திலிருந்து ஆற்றுக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகுமென்றால், கிட்டத்தில் ஓடும் சின்ன ஆற்றைக் கேளுங்கள். முதல் தடவைக்குப் பேர்பெற்ற ஆறு தேவையில்லை.

இனி, பணம் எதற்கு என்ற கேள்வி. மீனுக்கு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். தண்ணீரைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, அதற்குத்தான் கொடுக்கிறீர்கள். குழுவில் ஆறேழு பேருக்கு ஒரு கைடு என்றால் சிக்கெடுப்பதிலேயே அவருடைய பொழுது போய்விடும். நீங்கள் வீசிய தூண்டில் நரம்பு மரக்கிளையில் மாட்டும், பக்கத்து ஆள் சட்டையில் மாட்டும், அவர் ஓடிக்கொண்டே இருப்பார். இருவருக்கு ஒரு கைடு என்பதுதான் ஆற்றுக்குச் சரியான கணக்கு.

அவர் என்ன சொல்லித்தருவார் என்பதற்கு ஒரு காட்சி. ஆற்றின் நடுவே ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து, பின்பக்கம் மறுபடி சேர்கிறது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் சோம்பலாகச் சுற்றுகிறது, அரை அடி தள்ளி வேகமாக ஓடுகிறது. இரண்டும் உரசும் இடத்தில் மெல்லிய கோடாக நுரை போகிறது. அந்த நுரைக்கோடுதான் மீனுக்கு உணவு வரும் பாதை. மேலிருந்து அடித்துவரும் பூச்சியும் புழுவும் அதிலேதான் மிதந்து வரும். மீன் சோம்பலான பக்கத்தில், தலையை நீரோட்டத்தை எதிர்த்து வைத்துக்கொண்டு, அதிகம் துடுப்படிக்காமல் நிற்கும். கோட்டில் ஏதாவது வந்தால் எட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பும். கைடு “அந்தக் கல்லுக்கு இரண்டு முழம் மேலே, தண்ணீர் வரும் பக்கமாகப் போடுங்கள்” என்பார். நீங்கள் கல்லுக்கு நேராகவே போடுவீர்கள். எல்லோரும் முதலில் அப்படித்தான். இரை மீனிருக்கும் ஆழத்துக்கு இறங்கவே அந்த இரண்டு முழம் தேவைப்படும்.

அடுத்த பாடம் நரம்பைப் பற்றியது. உங்களுக்கும் நுரைக்கோட்டுக்கும் இடையில் வேகமான ஓட்டம் இருந்தால், அது நரம்பின் நடுப்பகுதியை வில்லாக வளைத்து இழுக்கும். உடனே இரை தன்னியல்பாக மிதப்பதை விட்டுவிட்டு, யாரோ கயிறு கட்டி இழுத்தது போல் குறுக்கே ஓடும். எந்தப் பூச்சியும் அப்படி நீந்துவதில்லை என்று மீனுக்குத் தெரியும். அதற்குத்தான் தடியின் நுனியை மெல்ல உயர்த்தி, நரம்பின் வளைவைத் தண்ணீர் வரும் பக்கமாகத் தூக்கிப் போடச் சொல்வார். இதை இணையத்தில் பத்து வீடியோ பார்த்தாலும் கை கற்றுக்கொள்ளாது. பக்கத்தில் ஒருவர் நின்று “இப்போது… இப்போது” என்று சொன்னால் அரை மணி நேரத்தில் வந்துவிடும். பல மடங்கு கட்டணத்தில் பெரும்பங்கு இந்த “இப்போது”வுக்குத்தான்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவற்றில் முதலாவது உரிமம். அதை யார் எடுப்பது, கட்டணத்தில் சேர்த்தியா, குழந்தைக்கும் வேண்டுமா? இடத்துக்கு இடம் இது தலைகீழாக மாறும். இங்கிலாந்தில் 13 வயதிலிருந்து தூண்டில் உரிமம் வேண்டும். அதுவும் போதாது, ஆற்றின் அந்தப் பகுதியில் மீன்பிடி உரிமை யாருடையதோ அவருடைய அனுமதியும் வேண்டும். டிரவுட், சால்மன் வகை சேராத மீன்களுக்கு அங்கே மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தடைக்காலம். சுவிட்சர்லாந்தில், திருப்பி விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை 2009 முதல் சட்டம் அனுமதிப்பதில்லை. வேறு பல ஆறுகளிலோ பிடித்ததை விட்டே ஆக வேண்டும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கோடையில் தண்ணீர் சூடேறினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை சில ஆறுகளை மூடிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் மத்தியானப் பயணத்துக்குப் பணம் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கைடுக்கே தனி அனுமதியும் காப்பீடும் தேவைப்படும் இடங்கள் உண்டு; இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். ஒழுங்கான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பிறகு ரத்து விதி. “மழை பெய்தால்” என்று மட்டும் கேட்காதீர்கள். மழை ஒரு பொருட்டே இல்லை, தூறலில் மீன் நன்றாகவே கடிக்கும். “நீர்மட்டம் ஏறினால் முடிவு யாருடையது? வேறு நாள் தருவீர்களா, பணத்தைத் திருப்புவீர்களா?” என்பதுதான் கேள்வி. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

படகா, தண்ணீரில் இறங்கி நடப்பதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். உங்கள் இருவருக்கும் நான் படகையோ, மேடு பள்ளமில்லாத கரையையோ சொல்வேன். படகென்றால் குழந்தை அளவில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். “அங்கி இருக்கிறது” என்ற பதில் போதாது. பெரியவர்களுடையதை மாட்டினால் தண்ணீரில் குழந்தை கீழே போகும், அங்கி மேலே வரும்.

ஆளைத் தேர்வு செய்ய அவர்களுடைய படங்களைப் பாருங்கள். எல்லாப் படத்திலும் ராட்சத மீன், எல்லாப் படத்திலும் கைடே பிடித்திருக்கிறார் என்றால் நான் ஒதுங்கிவிடுவேன். உள்ளங்கை அளவு மீனோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் சிறுவர்களின் படங்கள் இருந்தால் அவரைத் தொடர்புகொள்வேன். “மீன் உத்தரவாதம்” என்று விளம்பரம் செய்பவரிடம் ஆற்றுக்குப் பதிலாக மீன் வளர்க்கும் குட்டை இருக்க வாய்ப்பு அதிகம். குட்டையில் பிடிப்பதும் குழந்தைக்கு ஆனந்தம்தான், ஆனால் அதற்கு இந்த விலை கூடாது.

கொண்டுபோவதற்கு அதிகமில்லை. தடி, ரீல், இரை எல்லாம் கைடு தருவார். ஒரு நாளுக்காகக் கடைக்குப் போய் எதுவும் வாங்காதீர்கள். போலராய்டு கண்ணாடி மட்டும் இருவருக்கும் கட்டாயம். தண்ணீரின் மேல் மினுமினுக்கும் வெளிச்சத்தை அது வெட்டிவிடுவதால் பாறையும் மீனும் தெரியும். அதைவிட முக்கியம், புதிதாக வீசக் கற்பவரின் தூண்டில் முள் முகத்துக்குப் பக்கத்தில் பறக்கும். தொப்பியும் அதற்காகத்தான். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல்லாகக் கனக்கும், காயாது. மாற்றுத்துணி ஒரு செட், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. அவ்வளவுதான்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. வேறு ஆற்றில் நனைந்த காலணியோடு போகாதீர்கள். நியூசிலாந்தில் 2004-இல் டிடிமோ என்ற பாசி தென்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ஈரத்திலேயே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். அடிப்பாகத்தில் கம்பளித் துணி போன்ற ஃபெல்ட் ஒட்டிய பூட்ஸ் சீக்கிரம் காயாது என்பதால், மீன்பிடிப்பவர்கள் அதை அணிய 2008-இல் அங்கே தடை வந்தது. நார்வேயில் சால்மன் குஞ்சுகளைக் கொல்லும் ஒட்டுண்ணிக்குப் பயந்து, ஆற்றில் இறங்குமுன் கருவிகளுக்குக் கிருமிநாசினி போடச் சொல்வார்கள். கைடின் கருவிகளையே பயன்படுத்தினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

தண்ணீரில் இறங்க நேர்ந்தால் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்களே, இங்கே ஆழத்தைவிட வேகம்தான் ஆபத்து. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கால் ஊன்றிய பிறகே மறு காலை நகர்த்துங்கள். விழுந்துவிட்டால் உடனே எழுந்து நிற்க முயல வேண்டாம். கல்லிடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் ஓட்டம் உடம்பை மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்கள் தண்ணீர் போகும் திசையில் முன்னால் இருக்கும்படி மிதந்து, ஆழமில்லாத இடம் வந்ததும் கரையேறுங்கள். மகளுக்கு இதை முந்தைய இரவே, அறையின் தரையில் படுக்கவைத்துக் காட்டிவிடுங்கள். சிரிப்பாள். ஆனால் நினைவிருக்கும்.

மீன் மாட்டினால் எல்லோருக்கும் வரும் ஆசை, தூக்கிப் பிடித்துப் படம். விடப்போகிற மீனென்றால் கணக்கு இது: 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், களைக்கும்வரை துரத்தப்பட்ட வானவில் டிரவுட் மீன்களைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமலே விட்டபோது 12 சதவீதம் இறந்தன. 30 விநாடி வெளியே வைத்தவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். ஆகவே கைடு வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கட்டும், நீங்கள் கேமராவைத் தயாராக வையுங்கள், கையை நனைத்துக்கொண்டு மகள் ஒரு மூச்சு நேரம் தூக்கட்டும், படம், மறுபடி தண்ணீர். உலர்ந்த கை மீனின் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். செவுளில் விரல் போகக் கூடாது. டிரவுட் போன்ற குளிர்நீர் மீன்கள் இருக்கும் ஆற்றில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் நிறுத்திவிடலாம் என்று கைடு சொன்னால், மணி பார்க்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

டிப் தருவது சில நாடுகளில் எதிர்பார்ப்பு, சில நாடுகளில் சங்கடம். முன்பதிவின்போதே கேட்டுவிடலாம்.

கடைசியாக, கைடிடம் உண்மையைச் சொல்லுங்கள். சின்ன வயதில் குளத்தில் பிடித்திருக்கிறேன் என்று ஒரு பெருமைக்குச் சொல்லிவைக்கும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கைடு அதை நம்பிக் கடினமான இடத்துக்குக் கூட்டிப்போவார், பாதி நேரம் மரத்திலிருந்து நரம்பை எடுப்பதில் போகும். அதனால் இன்றைக்கே இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

“நாங்கள் இருவர், ஒருவருக்கு 11 வயது, இருவருக்கும் அனுபவமே இல்லை. அரை நாள், காலையில், படகு அல்லது எளிதான கரை. பெரிய மீன் வேண்டாம்; என் மகள் தானே வீசி, தானே ஒரு சின்ன மீனையாவது இழுக்க வேண்டும். எங்களிடம் இந்த மூன்று தேதிகள் இருக்கின்றன. ஆறு எந்த நாளில் நன்றாக இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.”

மூன்று தேதிகளில் ஒன்றைச் சட்டென்று பிடித்துக்கொண்டு அட்வான்ஸ் கேட்பவரை விடுங்கள். “இரண்டு நாள் முன்னால் நீர்மட்டம் பார்த்துச் சொல்கிறேன், பெண்ணின் உயரம், எடை என்ன?” என்று திருப்பிக் கேட்பவருக்குப் பணத்தைக் கட்டுங்கள். உயிர்காப்பு அங்கிக்காகத்தான் அதைக் கேட்கிறார்.