செல்லப்பிராணி மருத்துவர் பதில்கள்: மருந்து நின்றதும் திரும்பி வரும் காதுவலி

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு இரண்டரை வயது. அடிக்கடி இரண்டு காதிலும் சீழ் வைக்கிறது. சொட்டு மருந்து விட்டால் ஒரு வாரத்தில் அடங்குகிறது; அடுத்த மாதமே தலையை உதறத் தொடங்கிவிடுகிறான். குளிப்பாட்டும்போது தண்ணீர் புகுந்துவிடுகிறது, அதுதான் காரணம் என்கிறார் என் கணவர். போன முறை வாங்கிய மருந்தில் பாதி மீதம் இருக்கிறது. அதையே விடலாமா?
– குளுகோர் வாசகி

பதில்: முதலில் அந்தப் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. நாயின் காதுக்குழாய் கீழ்நோக்கி இறங்கி, பிறகு உள்பக்கமாக மடங்கிச் செல்வது. லாப்ரடாருக்குத் தொங்கும் மடல் வேறு. பினாங்குப் புழுக்கத்தில் அந்த மடக்கு எளிதில் காயாது. ஆனால் தண்ணீர் மட்டுமே காரணம் என்றால், பத்து பெரிங்கி கடற்கரையில் அலையில் குதித்து விளையாடும் நாய்களுக்கெல்லாம் காது புண்ணாகியிருக்க வேண்டுமே?

இரண்டு காதும் மாறி மாறிக் கெடுகிறது, மருந்துக்கு அடங்குகிறது, மறுபடி வருகிறது என்றால் நான் காதை விட்டுவிட்டுக் காலைத்தான் பார்ப்பேன். இன்று மாலை அவனைப் பக்கத்தில் படுக்கவைத்து, பாதங்களின் விரலிடுக்கை விரித்துப் பாருங்கள். வெளிர் நிற நாயாக இருந்தால், ஓயாமல் நக்கிய இடத்தில் முடி எச்சில் பட்டுத் துருநிறமாகியிருக்கும். அக்குள், தொடையிடுக்கு, வயிறு சிவந்திருக்கிறதா? சோபாவில் முகத்தைத் தேய்க்கிறானா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் அவனுக்கு இருப்பது பெரும்பாலும் தோல் ஒவ்வாமைதான். காதுக்குழாயின் உட்புறமும் தோல்தானே! அந்தத் தோல் வீங்கி, மெழுகு பெருகி, ஈரமும் சூடும் கூடும்போது, வழக்கமாக அங்கே சாதுவாக வாழும் மலசேசியா என்னும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் பெருகிவிடுகின்றன. சொட்டு மருந்து அவற்றைக் கொல்கிறது. ஒவ்வாமை அப்படியே இருக்கிறது. மறு மாதம் கதை தொடர்கிறது. இந்தப் பரம்பரை ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் மூன்று வயதிற்கும் இடையில்தான் தலைகாட்டும். உங்கள் நாயின் வயதும் அதற்குள் வருகிறது. காரணங்களில் முக்கியமானது வீட்டுத்தூசிப் பூச்சி. மெத்தையிலும் சோபாவிலும் வாழும் அதற்கு நம் ஊர் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் கொண்டாட்டம்.

பழைய பாட்டில் ஏன் கூடாது? செவிப்பறை கிழிந்திருந்தால், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் உள்ளே இறங்கிக் கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் கெடுக்கக்கூடும். காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப் கருவியை வைத்துப் பார்க்காமல் அது கிழிந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு, போன முறை வந்த கிருமிதான் இந்த முறையும் வந்திருக்கிறது என்று எப்படி நம்புவது?

நான் கருவியை எடுப்பதற்கு முன் மூக்கை வைத்துப் பார்ப்பேன்; என் உதவியாளருக்கு இது பிடிக்காது. பழைய மாவு புளித்த வாடை வந்தால் ஈஸ்ட்டைச் சந்தேகிப்பேன். குடலைப் புரட்டும் நாற்றத்தோடு பச்சை மஞ்சள் சீழ் வந்தால் சூடோமோனாஸ் என்னும் பிடிவாதக்கார பாக்டீரியாவை நினைத்துக் கவலைப்படுவேன். ஆனால் மூக்கு தீர்ப்பு சொல்லாது. பஞ்சுக்குச்சியில் சிறிது அழுக்கை எடுத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயமேற்றி நுண்நோக்கியில் பார்க்க வேண்டும். நிலக்கடலை வடிவில் தெரிந்தால் ஈஸ்ட்; உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் ஒருவகை பாக்டீரியா; குச்சி குச்சியாகத் தெரிந்தால் வேறு வகை, அதற்குக் கிருமி வளர்ப்புச் சோதனையும் தேவைப்படலாம். சில நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் மருந்து எழுதும் மருத்துவரிடம், "தகட்டில் பார்த்தீர்களா, டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சுத்தம் செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, அவர் தரும் காது கழுவும் திரவத்தைக் குழாய் நிறைய ஊற்றி, காதின் அடிப்பாகத்தைச் 'சளக் சளக்' என்று சத்தம் வரும்வரை பிசையுங்கள். பிறகு அவனையே உதற விடுங்கள் (நீங்கள் இரண்டடி தள்ளி நிற்பது நல்லது). வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். காது குடையும் குச்சி அழுக்கை உள்ளே தள்ளும். புண்ணான காதில் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றுவது கொடுமை.

ஒவ்வாமையை அடக்க இன்று நல்ல வழிகள் உண்டு. ஒரு வயது தாண்டிய நாய்களுக்கு ஒக்லாசிட்டினிப் மாத்திரை. நான்கு முதல் எட்டு வாரம் தாங்கும் லோகிவெட்மாப் ஊசி. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு வேகமாகக் கேட்கும், விலையும் குறைவு. ஆனால் அதை மாதக்கணக்கில் கொடுத்தால் தாகம், பசி, சிறுநீர் எல்லாம் கூடி, உடலும் கெடும். குறுகிய காலத்திற்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. எதற்கும் அடங்கவில்லை என்றால், செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை போன்ற இடத்திற்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

கேள்வி: என் நாய்க்குக் கோழிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று கடைக்காரர் சொல்லி, சால்மன் உணவுக்கு மாற்றினார். பத்து நாள் ஆகியும் அரிப்பு குறையவில்லை. ரத்தப் பரிசோதனை செய்யலாமா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: உணவு ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனையும் முடிப் பரிசோதனையும் நம்பத்தக்கவை அல்ல. பணத்தைச் சேமித்து வையுங்கள், ஐயா. உணவுச் சோதனைக்கு அது தேவைப்படும்.

பத்து நாள் போதாது. குறைந்தது எட்டு வாரம் வேண்டும். கடையில் விற்கும் பல 'சால்மன்' உணவுகளில் கோழிக் கொழுப்போ கோழி மாவோ கலந்திருக்கும். பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவோ, அவன் வாழ்நாளில் தின்றிராத இறைச்சியோதான் சோதனைக்கு ஏற்றது. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வாத்தும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்த எட்டு வாரமும் அந்த உணவும் தண்ணீரும் மட்டும்தான். சுவையூட்டிய பூச்சி மாத்திரை கொடுப்பதாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை பாழாவது பெரும்பாலும் மேசைக்கு அடியில்தான். தாத்தா காலையில் ரொட்டி சானாயைக் கிள்ளிப் போடுவார். பாட்டி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து ஊட்டுவார். கேட்டால் இருவரும் சத்தியம் செய்வார்கள். அவர்களிடம் அந்த மருத்துவ உணவிலிருந்தே ஒரு பிடி எடுத்துக் கொடுத்து, "நீங்களே ஊட்டுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கொடுக்கும் ஆசையும் தீரும்.

அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் அரிப்பு திரும்பினால்தான் குற்றம் நிரூபணம். திரும்பவில்லை என்றால் கோழி நிரபராதி. இன்னொன்று: குழம்புச் சோறு எப்போதுமே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

கேள்வி: தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்கு வாலின் அடியில் முடி கொட்டி, தோல் கறுத்துவிட்டது. அக்கா வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவச் சொல்கிறார். காதிலும் விடலாமா?
– ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: காதில் வேண்டவே வேண்டாம். மலசேசியாவுக்குக் கொழுப்பு என்றால் கொள்ளைப் பிரியம். எண்ணெய் விட்டு விருந்து வைக்காதீர்கள். தேயிலை மர எண்ணெயும் கூடாது, அது நாய்க்கு நஞ்சு.

வாலடியில் முடி கொட்டினால் முதலில் தெள்ளுப்பூச்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பூச்சி கண்ணில் படாது, நாய் அதை நக்கியே விழுங்கியிருக்கும். நனைந்த வெள்ளைத் தாளின் மேல் அவனை நிறுத்திச் சீப்பால் வாருங்கள். விழுகிற கரும்பொடி செம்பழுப்பாகக் கரைந்தால், அது தெள்ளு கழித்த ரத்தம். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்திற்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் கிடைக்கின்றன. அவனுக்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை வேண்டும். ஆனால் நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனையின் மேல் போட்டால் பூனை செத்துப்போகும்.

உங்களுக்கும் கையிலும் இடுப்பிலும் அரிக்கிறதா? அப்படியானால் இது தெள்ளாக இல்லாமல் சொறிப்பூச்சியாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள்.

கேள்வி: நேற்றிரவு முதல் நாயின் காது மடல் பலூன்போல வீங்கியிருக்கிறது. ஊசியால் குத்தி விடலாமா?
– ஜெலுத்தோங் வாசகர்

பதில்: குத்தாதீர்கள். தலையை உதறி உதறி மடலுக்குள் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் தேங்கியிருக்கிறது. வீட்டில் குத்தினால் மறுபடி நிரம்பும், கிருமியும் தொற்றும். இன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மடலோடு காதுக்குள்ளேயும் பார்க்கச் சொல்லுங்கள்.