தீபாவளிப் பையில் பூஞ்சணம்

கேள்வி: தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் லூயி விட்டோன் கைப்பை, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தே கைப்பிடியில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம்மா, தோல் கறுத்துப்போகும், நாளாக நாளாகச் சிக்கு வாடையும் வரும். கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் உறைதான் பூஞ்சணத்துக்குத் தாய்வீடு. வீட்டுக்குள் தட்டாமல் வாசலுக்குக் கொண்டுபோய், உலர்ந்த மென்துணியால் துடைத்துவிட்டு, வெயில் படாமல் விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். அப்புறம் தோல் கண்டிஷனர் (தோல் பொருளை வறளாமல் வைக்கும் களிம்பு), பட்டாணி அளவு போதும், முதலில் மறைவான இடத்தில் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். மோனோகிராம் பை (LV எழுத்துகள் அச்சிட்டது) என்றால் உடல் பூச்சிட்ட கேன்வாஸ் துணி, கைப்பிடிதான் பூச்சில்லாத தோல், சொட்டுத் தண்ணீருக்கே கறை நிற்கும். இனிமேல் பழைய பருத்தித் தலையணை உறையில் வையுங்கள், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு.