ஒரு பக்கம் பலம், ஒரு பக்கம் பலவீனம்: நிலநடுக்கமும் நம்ம கட்டடங்களும் (கேள்வி பதில்)

எல்லாருக்கும் வணக்கம். பினாங்குல 20 வருஷத்துக்கு மேல ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரா இருக்கேன். நிலநடுக்கம் பத்தி கேளுங்கன்னு சொன்னதும் நெறைய பேர் கேட்டுட்டீங்க, ஒரே மாதிரி கேள்விகள சேத்து பதில் போடறேன்.

ஜெலுத்தோங் அக்கா: நாங்க 19வது மாடி. சுமத்ராவுல ஆடினா எங்க வீட்டு விளக்கு ஆடுது, எனக்கு தலை சுத்துது, கீழ கோப்பிக்கடையில கேட்டா ஒண்ணுமே தெரியலங்கறாங்க. அது எப்படி?

நீங்க உணர்ந்தது நெசம்தான்க்கா. படபடன்னு வேகமா அடிக்கிற அலையெல்லாம் கடல் தாண்டி வரதுக்குள்ள அடங்கிடும், மெதுவா நீளமா ஆடற அலைதான் நம்ம கிட்ட வந்து சேரும். உயரமான கட்டடமும் இயல்பாவே மெதுவாத்தான் ஆடும், ரெண்டும் ஒரே தாளத்துல சேந்தா ஊஞ்சல சரியான நேரத்துல தள்ளிவிட்ட மாதிரி ஆட்டம் ஏறிக்கிட்டே போகும். அடியில களிமண்ணா இருந்தா இன்னும் கூடும். 1985ல மெக்சிகோ சிட்டிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல தள்ளித்தான் நிலநடுக்கம், ஆனா நகரம் பழைய ஏரிப் படுகை மேல இருந்ததால நடுத்தர உயரக் கட்டடங்கள் நெறைய விழுந்துச்சு. 2025 மார்ச் 28 மியன்மார்ல 7.7 அளவுல நிலநடுக்கம், அங்கருந்து ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் தள்ளி பேங்காக்ல கட்டிக்கிட்டிருந்த உயரமான கட்டடம் ஒண்ணு அப்படியே சரிஞ்சத எல்லாரும் பாத்தோம். தூரம் மட்டும் நம்மள காப்பாத்தாது.

ஆயேர் ஈத்தாம் தம்பி: எங்க பிளாட்ல கீழ் மாடி பூரா கார் பார்க், வெறும் பில்லர்தான். மேல எல்லா மாடியிலயும் செங்கல் சுவர். இது ஆபத்தா அண்ணே?

நல்ல கேள்வி தம்பி. மேல் மாடிங்க சுவரோட சேந்து ஒரே பெட்டி மாதிரி விறைப்பா நிக்கும், கீழ மட்டும் குச்சிக் கால். ஆடும்போது எல்லா அசைவும் அந்த ஒரு மாடியிலயே குவிஞ்சிடும். 2001 குஜராத் பூஜ் நிலநடுக்கத்துல 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருந்த அகமதாபாத்ல இந்த மாதிரி கீழ திறந்த அடுக்குமாடிங்க உக்காந்துடுச்சு. 1994ல அமெரிக்காவுல, கலிபோர்னியா நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துல ஒரே அபார்ட்மென்ட்ல 16 பேர் செத்தாங்க, அங்கயும் பலவீனமான கீழ்த்தளம்தான். அமெரிக்க விதிப்படி ஒரு மாடியோட விறைப்பு மேல் மாடியில 70 சதவீதத்துக்குக் கீழ போனா அத சாஃப்ட் ஸ்டோரின்னு சொல்றாங்க, பலம் 80 சதவீதத்துக்குக் கீழ போனா வீக் ஸ்டோரி. விறைப்புன்னா எவ்ளோ வளையாம நிக்குதுங்கறது, பலம்னா எவ்ளோ பாரம் தாங்குதுங்கறது, ரெண்டையும் தனித்தனியா பாக்கணும்.

நீ பயப்படறதுக்கு முன்னாடி லிஃப்ட் பக்கம் போய் பாரு. லிஃப்டயும் படிக்கட்டையும் சுத்தி இருக்கிற கான்கிரீட் சுவர் மேலருந்து அஸ்திவாரம் வரைக்கும் விடாம இறங்கினா பாதிக் கவலை போச்சு. ஆனா அந்த சுவர் ஒரு மூலையில ஒதுங்கி இருந்தா அடுத்த பதிலையும் படி.

நிபோங் திபால் ஸ்டூடன்ட்: ஒரு பக்கம் பலம் கூடவும் மறுபக்கம் கம்மியாவும் இருந்தா என்ன சார்? பலம் கூடினா நல்லதுதானே?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். சமமில்லாம இருக்கறதுல ரெண்டு வகை இருக்கு.

ஒண்ணு, பிளான்ல, அதாவது மேலருந்து பாத்தா தெரியற அமைப்புல, சமமில்லாதது. கட்டடத்தோட எடை நடுவுல இருக்கு, தாங்கற சுவரு ஓரத்துல இருக்குன்னா கட்டடம் நேரா ஆடாம முறுக்கிக்கும், தூரத்து மூலை பில்லருக்கு அடி ஜாஸ்தி. நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல 2011 பிப்ரவரி 22ல சிடிவி கட்டடம் விழுந்து 115 பேர் போனாங்க. அங்க வலுவான சுவர் வடக்குப் பக்கம், தெற்கால இருந்தது அதவிட பலவீனமான சுவர். அது மட்டுமே காரணம் இல்ல, பில்லருங்க வளைஞ்சு தாங்கற மாதிரி கட்டப்படலங்கறதும் பெரிய காரணம்.

ரெண்டாவது, திசையில சமமில்லாதது, இத நம்ம ஆளுங்க கவனிக்கறதே இல்ல. ஒரு பக்கம் பெருசா நீட்டிக்கிட்டு நிக்கற மாடி, இல்ல சாஞ்ச பில்லர் இருந்தா, நிலநடுக்கம் வராத நாள்லயே எடை கட்டடத்த ஒரு பக்கமா தள்ளிக்கிட்டு இருக்கும். வலது இடது ரெண்டு பக்கமும் 100 பலம் கொடுத்து கட்டினன்னு வெச்சுக்கோ, எடையே வலது பக்கமா 20 தள்ளுது. அப்ப வலப்பக்கம் ஆடறதுக்கு மிச்சம் 80, இடப்பக்கம் 120. ஆட்டம் பெருசாகி கம்பி யீல்ட் ஆக (இழுபட்டு பழைய நீளத்துக்குத் திரும்பாம போக) ஆரம்பிச்சா ஒவ்வொரு சுத்துலயும் வலது பக்கமாவே கொஞ்சம் கொஞ்சமா சாயும், திரும்பி வராது, ராட்செட் ஸ்பேனர் ஒரே பக்கமா சுத்தற மாதிரி. ஆட்டம் எவ்ளோ நேரம் நீடிக்குதோ அவ்ளோ சாய்வு சேரும்.

இப்ப நீ "பலம் கூட்டறேன்"னு இடப்பக்கத்துக்கு இன்னும் கம்பி போட்டா வித்தியாசம்தான் ஜாஸ்தியாகும், சாய்வும் கூடும். செய்ய வேண்டியது வலப்பக்கத்துக்கு 120, இடப்பக்கத்துக்கு 80. எடை தள்ளற 20ஐ வலப்பக்கம் கழிச்சு இடப்பக்கம் கூட்டினா ரெண்டு பக்கமும் 100 நிக்கும். பேப்பர்ல பாத்தா சமமில்லாத டிசைன், நெசத்துல அதான் சமம்.

ஜார்ஜ்டவுன் அக்கா: பழைய கடைவீடு வாங்கியிருக்கோம், கீழ சுவர எடுத்துட்டு பெருசா திறக்கலாமா?

வேணாம்க்கா. அந்த செங்கல் சுவருங்கதான் மேல் மாடியையே தாங்குது. இன்ஜினியர் வந்து பாக்காம கொன்ட்ரெக்டர் சொல்றத நம்பி ஒரு செங்கல் கூட எடுக்காதீங்க.

பட்டர்வொர்த் அண்ணன்: நம்ம நாட்டுல நிலநடுக்கமே இல்லயே, எதுக்கு வீண் செலவு?

அண்ணே, 2015 ஜூன் 5ல சபா ரானாவ்ல 6.0, கினாபாலு மலையில 18 பேர் போனாங்க. 2007லருந்து பகாங் புக்கிட் திங்கியில சின்ன சின்ன ஆட்டம், 2025 ஆகஸ்ட்ல ஜொகூர் சிகாமட்ல 4.1. 2017ல நம்ம நாட்டுக்கே நிலநடுக்க டிசைன் விதி வந்திடுச்சு, அதுக்கு முன்னாடி கட்டினதுல பெரும்பாலும் காத்துக்கும் ஒரு சின்ன கிடைமட்ட பாரத்துக்கும் மட்டும்தான் கணக்கு. செலவு பத்தி சொல்றீங்க, ஆர்க்கிடெக்ட் முதல் ஸ்கெட்ச் போடறப்பவே சுவர ரெண்டு பக்கமும் பிரிச்சு வெக்க சொன்னா அனேகமா ஒரு காசும் கூடாது. எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னாத்தான் காசு.

பில்லர் லிங்க் கம்பியும், அதாவது நெட்டுக் கம்பிங்கள சுத்திக் கட்டற வளையமும், அப்படித்தான், ஆரம்பத்துலயே சரியா செஞ்சா செலவு கம்மி. சில வருஷம் முன்னாடி அக்கரையில ஒரு சைட்ல கான்கிரீட் ஊத்தற நாள் காலையில போய் பாத்தேன், லிங்க் முனையெல்லாம் 90 டிகிரில மடிச்சு விட்டிருக்காங்க, பிளான்ல 135 டிகிரின்னு போட்டிருந்தேன். மேல் கான்கிரீட் உதிந்தா 90 டிகிரி முனை பிரிஞ்சுக்கும், பிரிஞ்சா உள்ள இருக்கற கம்பியும் கான்கிரீட்டும் வெளிய பிதுங்கிடும். 135ல மடிச்சது பில்லரோட நெஞ்சுக்குள்ள பிடிச்சுக்கிட்டு நிக்கும். மடிக்கிற ஆளுக்கு ஒரு லிங்குக்கு சில விநாடி ஜாஸ்தி, அவ்ளோதான். அன்னிக்கு ஊத்தறத நிறுத்தி 14 பில்லரயும் மறுபடி கட்ட வெச்சேன், சாயங்காலம் வரைக்கும் திட்டு வாங்கினேன்.