மச்சான் சொல்லும் லீசிங்கா, பாஸ் சொல்லும் எஞ்சின் வேலையா?

கேள்வி: ஐயா, நாங்கள் வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், மனைவி ஆசிரியை. எங்களிடம் இருப்பது 1997 ஆம் ஆண்டு நிசான் சன்னி எஃப்பி14. அப்பாவை கிளினிக்குக் கூட்டிப்போகவும் பிள்ளைகளின் பாடசாலைக்கும்தான் கார். காலி வீதி நெரிசலில் நின்றால் ஹீட் முள் ஏறுகிறது, ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் விடுகிறேன். கடந்த எட்டு மாதத்தில் செலவு 146,000 ரூபா: இரண்டு ரயர் 38,000, பற்றரி 29,000, பிரேக் 27,000, வோட்டர் பம்ப் 24,000, பிளக்கும் வயரும் 16,000, ரேடியேட்டர் கழுவி தேர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வை) எடுத்துவிட்டதற்கு 12,000. இப்போது கராஜ் பாஸ் (மெக்கானிக்), "எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 185,000 ஆகும்" என்கிறார். மச்சானோ, "19 இலட்சத்துக்கு விற்றுவிடு, மேலே 30 இலட்சம் லீசிங் போட்டுச் சின்னக் கார் ஒன்று எடு" என்கிறார். மாதம் 69,800 ரூபா, ஐந்து வருடம். எங்களுக்கு மாதம் மிஞ்சுவது 40,000. மனைவி மாலை வகுப்பு எடுத்தால் இன்னும் 30,000 வரும். வங்கியில் 90,000 இருக்கிறது. எஞ்சின் வேலை என்றால் நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். நகையை எடுக்காதீர்கள், காரை விற்கவும் விளம்பரம் போடாதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள்.

செலவைப் பிரித்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அது எனக்குப் பெரிய உதவி. அதில் ரயர், பற்றரி, பிரேக் மூன்றும் சேர்ந்து 94,000. இவை தேய்கிற சாமான்கள். நேற்று வாங்கிய காராக இருந்தாலும் ஒரு நாள் மாற்றித்தான் ஆக வேண்டும். இந்தக் காசுக்காக வருந்த வேண்டாம். மிச்சம் 52,000 தான் என்னை உறுத்துகிறது. வோட்டர் பம்ப், பிளக், ரேடியேட்டர் கழுவல் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், ஹீட் மட்டும் அப்படியே இருக்கிறது. காரணம் தெரியாமலே சாமான் மாற்றியிருக்கிறார்கள். 185,000 உம் அதே வழியில் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீங்கள் சொன்ன ஒரு விஷயத்தில் துப்பு இருக்கிறது. நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும். ஆகவே முதல் சந்தேகம் விசிறியின் மேலும், காற்றுப் போகும் வழியின் மேலும் விழ வேண்டும். ஒரு காலை வேளையில் வீட்டு வாசலிலேயே எஞ்சினை ஓடவிடுங்கள். ஏ.சி. வேண்டாம். முள் பாதியைத் தாண்டுவதற்குள் விசிறி சுற்றத் தொடங்குகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஏ.சி.யைப் போடுங்கள். அப்போது சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, அதைத் தூண்டும் சுவிட்சையோ சென்சரையோதான் பார்க்க வேண்டும். அப்போதும் சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூன்றில் ஒன்று. முள் மேலே போகத் தொடங்கினால் உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரின் முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோரத்தில் வருடக்கணக்காக நிற்கும் கார் உங்களுடையது. உப்புக் காற்று அந்த மெல்லிய தகடுகளை அரித்துவிடும். விரலால் மெதுவாகத் தொட்டாலே பொடியாக உதிர்ந்தால், உள்ளே எவ்வளவு கழுவியும் பயனில்லை. ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

வாரம் ஒருமுறை தண்ணீர் குறைகிறது என்பதையும் சும்மா விட முடியாது. பாஸ் சொல்வது சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு. வெளியே எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைந்தாலோ, ஒயில் மூடியின் உள்ளே பால் கலந்த தேநீர் நிறத்தில் படிந்திருந்தாலோ, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் சந்தேகத்துக்கு 185,000 கொடுக்க முடியாது. ஹெட்டைக் கழற்றாமலே பார்க்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஒன்று, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்திக் காற்றழுத்தம் ஏற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது. மற்றது, ரேடியேட்டருக்குள்ளிருந்து வரும் ஆவியை நீல நிறத் திரவத்தின் வழியே விடுவது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இதற்குச் சோதனைக் கூலி மட்டும் கொடுங்கள், உங்கள் வழமையான கராஜை விட்டு வேறோர் இடத்தில் செய்யுங்கள். "வேலை உங்களுக்குத் தர மாட்டேன், சோதனை மட்டும்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தக் காரில் நீங்கள் செலவழிக்கப்போகும் மிகப் பெறுமதியான காசு அதுதான்.

எடுத்துவிட்ட தேர்மோஸ்டாட்டைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும். பெற்றோல் கூடக் குடிக்கும், தேய்மானம் கூடும், வருட முடிவில் புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரலாம். அது சித்தியடையாமல் வாகன வரி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. குழாய்த் தண்ணீரையும் நிறுத்தி, கூலன்ட் ஊற்றுங்கள். கொழும்பில் பனி பெய்வதில்லை, கூலன்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கூலன்ட் உள்ளே துருப்பிடிக்க விடாது, தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் உயர்த்தும். நம் வெயிலுக்கு இரண்டும் தேவை.

சாமான் வாங்க, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு நீங்களே போங்கள். பழைய சாமானைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். விசிறி மோட்டார், கண்ணாடி, கதவுப் பூட்டு போன்றவற்றை ஜப்பானில் பாவித்ததாக வாங்கலாம். பிரேக் பாட், ஹோஸ், பெல்ட், தேர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்கவே வேண்டாம். ரேடியேட்டரைக் கழற்றும் நாளிலேயே ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது கராஜுக்கு அப்படியே பொருந்தும். ஒரே கூலியில் இரண்டு வேலை முடிய வேண்டும்.

சரி, இனி லீசிங். 30 இலட்சத்துக்கு மாதம் 69,800 என்றால், குறைந்து செல்லும் மீதியில் ஏறத்தாழ 14 வீத வட்டி. 60 மாதத்தில் நீங்கள் கட்டுவது 4,188,000 ரூபா. அதில் வட்டி மட்டும் 1,188,000. பாஸ் கேட்கும் எஞ்சின் வேலையை அந்த வட்டியில் ஆறு தடவை செய்யலாம். அதோடு லீசிங் முடியும்வரை முழுக் காப்புறுதி எடுக்கச் சொல்வார்கள், அதுவும் வருடா வருடம். உங்கள் மிச்சம் 40,000, மனைவியின் மாலை வகுப்பு 30,000. கூட்டினால் 70,000. தவணை போக மாதம் கையில் நிற்பது 200 ரூபா. மனைவிக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? ஐந்து வருடம் அவர் ஓய்வில்லாமல் உழைத்தால்தான் நிற்கும் என்றால் அந்தக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். மச்சான் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து கார் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் சின்னக் காரும் சின்ன விலையில் இல்லை.

ஆகவே என் முடிவு: இந்தக் காரையே வைத்திருங்கள். தேய்மானச் செலவு 94,000 ஐ எட்டு மாதத்தால் வகுத்தால் மாதம் 11,750. இன்றே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, சம்பள நாளில் 12,000 போடுங்கள். அது காரின் காசு, வேறெதற்கும் தொடக் கூடாது. மீதி 28,000 வீட்டுக்கு. அந்தக் கணக்கில் காசு சேர்ந்துவிட்டால் கராஜிலிருந்து அழைப்பு வரும்போது நெஞ்சு படபடக்காது. உங்கள் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான் என்பது ஒரு நல்ல விஷயம், பெல்ட் மாற்றும் பெரிய செலவு கிடையாது. ஆனால் அந்தச் செயின் ஒயிலை நம்பியே ஓடுகிறது. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலும் ஃபில்டரும் மாற்றுவதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஞாயிறு காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் ஒயில் கம்பியையும் கூலன்ட் மட்டத்தையும் பாருங்கள். மாதம் இரண்டு தடவை காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்புக்கு வேறு மருந்தில்லை.

சோதனையில் ஹெட் பழுது என்றே உறுதியானால்? 185,000 ஐக் கூலி, சாமான், லேத் வேலை என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதே வேலைக்கு இன்னும் இரண்டு கராஜில் விலை எடுங்கள். பிறகு வங்கியில் இருக்கும் 90,000 உம் மூன்று மாதத்து மிச்சமும் போதும், அடகுக் கடைக்குப் போகத் தேவையில்லை. அந்த மூன்று மாதமும் கார் நிற்கட்டும். காரை விடவேண்டிய நேரம் ஒன்றும் உண்டு. அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அதற்கு மேல் எஞ்சினில் ஒரு ரூபாவும் போடாதீர்கள். ஹொயிஸ்டில் ஏற்றும் நாளில் அதையும் நீங்களே குனிந்து பாருங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். 2011 இல் கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் என் காரின் முள் சிவப்பைத் தொட்டது. இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று ஓட்டினேன். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது, மூன்று மாதச் சம்பளம் போனது. சிறிய பழுது பெரியதானது என் அவசரத்தால். முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சோதனை முடியும்வரை அப்பாவைக் கிளினிக்குக் கூட்டிப்போகத் த்ரீவீலர் பிடியுங்கள். விசிறி சுற்றியதா, நீலம் மஞ்சளானதா என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த கணக்கை அதை வைத்துப் போடுவோம்.