நொறுங்கிய காரின் உட்புறத்தை நம் காரில் பொருத்தலாமா?

கேள்வி: என்னிடம் 2013-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ கார் உள்ளது. கண்ணாடிகளைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும்; சீட்டுகளும் கிழிந்துவிட்டன. கப்பலூர்ப் பக்கம் ஒரு கடையில், விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய 2012 இசட்எக்ஸ்ஐ (ஸ்விஃப்டின் உயர்ரக மாடல்) வந்திருக்கிறது. அதன் உட்புறம் முழுவதையும் வாங்கி என் காரில் பொருத்தலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: இரண்டு கார்களும் 2011-இல் வெளிவந்த ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை என்பதால் சீட், டோர் பேட் (கதவின் உட்புற உறை), கார்பெட் ஆகியவை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் முழுவதையும் வாங்காதீர்கள்.

முதலில் அந்தக் கார் வெள்ளத்தில் மூழ்கியதா என்று பாருங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பலவும் ஏலத்துக்குப் போயின என்பதால் இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், நீர் ஏறிய இடத்தில் சேற்றுக் கோடு தெரியும். சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளமான ரயிலின் கீழும் கார்பெட்டின் அடியிலும் வண்டல் படிந்திருக்கும்.

பார்த்து முடித்ததும் அந்தப் பெல்ட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். மோதலில் ஆளைத் தாங்கிய பெல்ட்டின் நாடா நீண்டிருக்கலாம். அதை இறுக்கும் வெடிமருந்துக் கருவி ஒரு முறைக்கு மேல் வேலை செய்யாது. ஏர்பேக்கும் அவ்வாறே. அதற்குரிய சென்சாரோ வயரிங்கோ இல்லாத உங்கள் காரில் ஏர்பேக் எழுத்துள்ள ஸ்டியரிங்கை மாட்டினால், பின்னால் அந்தக் காரை வாங்குபவர் தமக்குப் பாதுகாப்பு உண்டென்று நம்பி ஏமாந்து போவார். எனவே டேஷ்போர்டையும் ஸ்டியரிங்கையும் தொடாதீர்கள். மீட்டரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். அந்தக் காரின் மீட்டரை மாட்டினால் அது ஓடிய கிலோமீட்டரைத்தான் காட்டும்.

முன் சீட்டுகளை வாங்குமுன் ரயிலில் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். சாய்மானத்தின் பூட்டு உறுதியாகப் பிடிக்க வேண்டும். சீட்டின் இரும்புச் சட்டம் வளைந்திருந்தால், துணி எவ்வளவு புதிதாக இருந்தாலும் வேண்டாம்.

பவர் விண்டோவுக்கு மோட்டார் மட்டும் போதாது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், சுவிட்ச், கதவிலிருந்து ஃபியூஸ் பெட்டி வரை செல்லும் வயரிங் அனைத்தையும் ஒரே தொகுப்பாகக் கேளுங்கள். அவசரத்தில் வயரை வெட்டி எடுப்பது பல கடைகளில் வழக்கம் என்பதால், வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றித்தான் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். ரூஃப் லைனிங் வேண்டுமானால் டிக்கிக் கதவு வழியாக மடிக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு முறை மடிந்த தடம் போகாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. எனவே இருக்கைகளின் எண்ணிக்கை மாறக் கூடாது. உடைத்த காரின் சேஸிஸ் எண் குறிப்பிட்ட பில்லைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தரத் தயங்கும் கடையில் எதையும் வாங்க வேண்டாம்.

பழைய கார்பெட்டைக் கழற்றும் நாளில் உங்கள் காரின் தரைத் தகட்டையும் பாருங்கள். துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே புதியதை விரிக்க வேண்டும்.