பிறவிக் குடல் நரம்புக் குறை (ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்): பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பிறந்து 2 நாளாகியும் குழந்தை வெளிக்குப் போகவில்லை. பால் போதாததால் என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். காட்டுப்பீ எனப்படும் கரும்பச்சை மலம் கருவிலேயே சேர்ந்தது; பாலுக்காகக் காத்திருப்பதில்லை. நிறைமாதக் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் அதைப் போய்விடும். 48 மணி நேரம் தாண்டினாலோ, வயிறு உப்பினாலோ, உடனே குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி பச்சையாக இருந்தால் ஒரு மணி நேரமும் தள்ளாதீர்கள். குடல் முறுக்கிக்கொண்டாலும் அப்படித்தான் வரும்.

கேள்வி: வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைத்தோம். காற்றும் மலமுமாகப் பீய்ச்சியடித்தது. சரியாகிவிட்டதா?

பதில்: அந்தப் பீய்ச்சலே ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்ற சந்தேகத்தைக் கூட்டுகிறது. குடலை அசைக்கும் நரம்பணுக்கள் கருவில் வாய்ப்பக்கமிருந்து ஆசனவாய் நோக்கி நகரும். பாதியில் நின்றுவிட்டால் கடைசிப் பகுதி சுருங்கியே கிடக்கும். அதற்கு மேலே குடல் பலூன்போல வீங்கும். காம்பு அந்தச் சுருக்கத்தைக் கணநேரம் திறக்கிறது, அவ்வளவுதான். மலக்குடலிலிருந்து உறிஞ்சியெடுக்கும் கடுகளவு சதையில் நரம்பணு இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான சோதனை.

கேள்வி: அறுவைக்கு முன் வீட்டிலேயே குடல் கழுவச் சொன்னார்கள். வெந்நீர் போதுமா?

பதில்: வெறும் தண்ணீர் கூடவே கூடாது. குடல் அதை உறிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரும். 0.9 சதவீத நார்மல் சலைன் (உப்புக்கரைசல்) மட்டும், உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து. ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. 3 கிலோ குழந்தைக்கு 30 முதல் 60. மருத்துவர் சொன்ன அளவு மென்குழாயில் ஜெல்லி தடவி, காட்டிக்கொடுத்த ஆழம் வரை மெதுவாக உள்ளே செலுத்துங்கள், தடுத்தால் தள்ளாதீர்கள். சலைன் தானாக இறங்கட்டும், சிரிஞ்சால் அழுத்த வேண்டாம். பிறகு குழாயைத் தாழ்த்தி, வயிற்றை லேசாகத் தடவிக்கொடுங்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அளந்து எழுதி வையுங்கள். தெளிவாக வரும்வரை திருப்பிச் செய்யலாம். போட்டது திரும்பாவிட்டாலோ ரத்தம் தெரிந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: பெரும்பாலும் அதனால் அல்ல, உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். இதில் முக்கியமான ரெட் (RET) மரபணுவில் ஒரு பிரதி மட்டும் கெட்டாலே போதும். அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு. ஆனால் காது கேளாமை, வெளிர்நீலக் கண், நெற்றியில் வெள்ளை முடி சேர்ந்திருந்தால் வேறு வகை. அதில் சிலவற்றுக்குத் தாய், தந்தை இரு பக்கமிருந்தும் குறை வர வேண்டியிருக்கும், அங்கே சொந்தம் கணக்கில் வரும். பொதுவாக நோய் சுமார் 5000 பிறப்பில் ஒன்று. உடன்பிறப்புக்கு 100இல் நாலைந்து. நீண்ட பகுதி பாதித்தது பெண் குழந்தை என்றால் இன்னும் கூடும். மரபணு ஆலோசனைக்குப் போய்வாருங்கள்.

கேள்வி: அறுவை முடிந்து 6 மாதம். இப்போது காய்ச்சல், நாற்றத்தோடு பேதி, வயிறு உப்பல். ஓஆர்எஸ் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது, இப்போதே கிளம்புங்கள். குடல் அழற்சி அறுவைக்குப் பிறகும் வரும், உயிருக்கே ஆபத்து. இருக்கும் மருத்துவர் புதியவரென்றால் "ஹிர்ஷ்ஸ்ப்ரங் அறுவை செய்த குழந்தை" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாதாரணப் பேதி என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட வாய்ப்புண்டு.